மேடையில் நின்று படிக்கிற பாடம்: உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு இலங்கையின் தமிழ்ப் பாடசாலைகளில் பாடத் தெரிவுப் பேச்சு தொடங்கிவிடும். கலைப் பிரிவுக்குப் போகிற பிள்ளை மூன்று பாடங்கள் எடுக்க வேண்டும். தமிழ் ஒன்று, இந்து நாகரிகமோ கிறிஸ்தவ நாகரிகமோ இஸ்லாமிய நாகரிகமோ ஒன்று என்று இரண்டு பாடம் பெரும்பாலும் யோசனையில்லாமலே முடிவாகிவிடுகிறது. மூன்றாவதில்தான் தடுமாற்றம். "நாடகம் எடு, சுகமாப் பாஸ் பண்ணலாம்" என்பார்கள் முன் வகுப்பு அண்ணன்மாரும் அக்காமாரும். "நாடகம் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். பாடத்தின் உள்ளே எட்டிப் பாராமலே இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

முதலில் அந்தச் "சுகம்" என்ற பேச்சைப் பார்த்துவிடலாம். பல்கலைக்கழக அனுமதிக்கு 2001இலிருந்து இசட் புள்ளிதான் கணக்கு. ஒரு பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரிக்கு மேலே ஒருவர் எவ்வளவு தூரம் நிற்கிறார், அல்லது கீழே நிற்கிறார் என்பதை, புள்ளிகள் பரந்து கிடக்கிற விதத்தோடு சேர்த்துக் கணிக்கிற முறை அது. ஒரு பாடத்தில் எல்லோருமே எழுபது எடுத்தால் எழுபது எடுத்தவருக்கு இலாபம் ஒன்றுமில்லை. ஆகவே எது இலகு என்று தேடுவது வீண் வேலை. எந்தப் பாடத்தில் தன்னால் கூட்டத்தை விட்டு மேலே போக முடியும் என்றுதான் பிள்ளை தன்னைக் கேட்க வேண்டும். நாடகத்தில் அப்படி மேலே போகிறவர்கள் எழுத்தையும் மேடையையும் சேர்த்துப் படித்தவர்கள். குறிப்புக் கொப்பியை மனப்பாடம் செய்தவர்கள் சராசரியைச் சுற்றியே நின்றுவிடுகிறார்கள்.

தமிழ் மொழிமூல நாடகத்துக்குப் பாட இலக்கம் 58. சிங்களத்துக்கு 57, ஆங்கிலத்துக்கு 59. எழுத்துப் பரீட்சையும் உண்டு, செய்முறைப் பரீட்சையும் உண்டு. இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை கிரேக்க அரங்கிலிருந்து பிரெக்ட் வரைக்கும், பரதரின் நாட்டிய சாஸ்திரத்திலிருந்து ஈழத்து நவீன நாடகம் வரைக்கும், வடமோடியிலிருந்து மலையகத்துக் காமன் கூத்து வரைக்கும் நடந்து முடிக்க வேண்டும். இடையில் நடிக்கவும், எழுதவும், நெறிப்படுத்தவும், ஒப்பனை, வேடஉடை, ஒளி, காட்சியமைப்பு என்று கையால் வேலை செய்யவும் பழக வேண்டும். கலைப் பிரிவில் இவ்வளவு அகலமான பாடம் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

எடுக்க முன்பு கேட்க வேண்டியவை

கூச்ச சுபாவமுள்ள பிள்ளை இந்தப் பாடத்தை எடுக்கலாமா என்று பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். தாராளமாக எடுக்கலாம். மேடையில் வாய் திறக்கத் தயங்குகிற பிள்ளைகள் பலர் ஒத்திகை அறையில்தான் குரல் பெறுகிறார்கள். வேறு இரண்டு விடயங்களில்தான் கவனம் வேண்டும். ஒன்று, நீளமாக எழுதப் பிடிக்குமா? எழுத்துப் பரீட்சையில் ஒரு கருத்தை எடுத்து, உதாரணம் காட்டி, வாதமாக விரிக்கத் தெரிய வேண்டும். நடிப்பு எவ்வளவு நன்றாக வந்தாலும் அது இந்த இடத்தில் கைகொடுக்காது. மற்றது, பிறரோடு சேர்ந்து வேலை செய்யப் பொறுமை இருக்கிறதா? ஒத்திகைக்கு ஒருவர் வராவிட்டால் ஐந்து பேரின் பின்னேரம் பாழ்.

பாடசாலையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். நாடகத்தில் பட்டமோ பயிற்சியோ பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா? கடைசியாக எப்போது ஒரு நாடகத்தை மேடையேற்றினார்கள்? தமிழ்மொழித்தினப் போட்டிக்கு நாடகமோ கூத்தோ அனுப்புகிறார்களா? வெறும் வகுப்பறையாக இருந்தாலும் போதும், மேசை கதிரையை ஒதுக்கி வைத்துவிட்டு நிலத்தில் இருந்தும் படுத்தும் உருண்டும் பயிற்சி செய்ய இடம் தருவார்களா? கேள்விகளுக்கெல்லாம் "இல்லை" என்று பதில் வந்தால், பக்கத்துப் பாடசாலையையோ வலயத்தின் அழகியல் பாட ஆசிரிய ஆலோசகரையோ நாடுவது நல்லது. ரியூசன் வகுப்பு எழுத்துப் பகுதிக்கு ஓரளவு உதவும். ஆனால் வரிசையாக வாங்கு போட்டு நூறு பேர் இருக்கிற கொட்டகைக்குள் உடலைப் பழக்க இடம் ஏது?

பாடத்துக்குப் பின்னால் ஒரு தலைமுறை

பாடத்திட்டத்தில் "ஈழத்துத் தமிழ் நாடக வளர்ச்சி" என்ற பகுதியைப் பிள்ளைகள் பெயர்ப் பட்டியலாகப் படிப்பது வழக்கம். அதை ஒரு கதையாகப் படித்தால் மறக்காது.

1956ஆம் ஆண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர "மனமே" நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு முன்பு அவர் ஜப்பானுக்குப் போய் நோ, கபுக்கி அரங்குகளைப் பார்த்திருந்தார். பழைய மரபைக் கைவிடாமலே ஒரு நவீன சமூகம் தன் நாடகத்தைச் செய்யலாம் என்ற தெம்பு அங்கே கிடைத்தது. சிங்களக் கிராமங்களில் ஆடப்பட்ட "நாடகம" என்ற வடிவத்தை எடுத்து, சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே என்ற மரபுக் கலைஞரின் துணையோடு "மனமே"யைக் கட்டினார். அந்த வடிவத்துக்கும் தமிழ்க் கூத்துக்கும் பழைய உறவு உண்டு.

சரச்சந்திர கற்பித்த அதே பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் விடிய விடிய ஆடப்பட்ட கூத்துகளைத் தேடிப் போனார். படித்தவர்கள் ஒதுக்கி வைத்திருந்த கலை அது. 1962இல் "கர்ணன் போர்" பல்கலைக்கழக மாணவர்களால் ஆடப்பட்டது. ஆட்டம் பழக்கிய அண்ணாவியார், அதாவது கூத்தாசான், வந்தாறுமூலை செல்லையா. அதன் பிறகு "நொண்டி நாடகம்", "இராவணேசன்", "வாலிவதை" என்று வரிசையாக வந்தன. அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுருதான் "இராவணேசன்" எழுத்துருவை ஆக்கியவர், இராவணனாக ஆடியவரும் அவரே. பின்னாளில் பேராசிரியராகி, அதே நாடகத்தை மட்டக்களப்பில் புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு மீண்டும் தயாரித்தார்.

பரீட்சை எழுதுகிறவர் இங்கே நின்று யோசிக்க வேண்டிய கேள்வி: ஒரு முழு இரவுக் கூத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருங்கி, படச்சட்ட மேடைக்கு ஏறியபோது எது மாறியது? மட்டக்களப்பு வட்டக்களரியில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்பார்கள். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார். சனம் எல்லாப் பக்கமும் இருக்கும். கூத்தருக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே பார்வையாளர். படச்சட்ட மேடையில் சனம் ஒரே பக்கத்தில். பக்கவாத்தியக்காரர் மேடையின் ஓரத்துக்குப் போக வேண்டும். நாலு பக்கமும் காட்ட வேண்டும் என்பதற்காகத் திரும்பத் திரும்ப ஆடிய ஆட்டம் குறைய வேண்டும். ஆட்டம் குறைந்த இடத்தில் நடிப்புக்கு இடம் வந்தது. இராவணனின் உள்மனப் போராட்டம் அந்த இடத்தில் குடியேறியது. "வித்தியானந்தன் கூத்தைச் செம்மைப்படுத்தினார்" என்ற ஒற்றை வரி எல்லாருடைய கொப்பியிலும் இருக்கிறது. மேடையின் வடிவம் மாறியதால் நடிப்பின் தன்மை மாறியது என்று காரணத்தோடு எழுதுகிற விடை வேறு தரத்தில் நிற்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கல்வி டிப்ளோமா படித்துத் திரும்பிய ஆசிரியர்கள் சிலர் இந்தப் பாடத்துக்கு உயிர் கொடுத்தார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களில் முன்னோடி. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கப்பட்டது. அரங்க விளையாட்டு, உடற்பயிற்சி, குரற்பயிற்சி, புத்தளிப்பு (ஆயத்தமில்லாமல் அந்தக் கணத்திலேயே நடித்தல்) என்று இன்று வகுப்பறையில் இயல்பாகச் செய்கிற பலவும் அந்தக் கல்லூரியின் களப்பயிற்சிகளின் வழியேதான் பாடசாலைகளுக்குள் வந்தன. சிறுவருக்காக "கூடி விளையாடு பாப்பா", 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் பல்கலைக்கழக மாணவர் ஆடிய "மண் சுமந்த மேனியர்", பிள்ளைகள் புலம்பெயர்ந்துபோக ஊரில் தனித்துப்போன முதியவர்களைப் பற்றிய "எந்தையும் தாயும்" என்று சண்முகலிங்கத்தின் எழுத்து நீண்டது. அவருடைய நாடகங்களைப் படிக்கிற பிள்ளை, எந்தச் சூழலில் எந்தப் பார்வையாளருக்கு இது ஆடப்பட்டது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்க வேண்டும். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒருவர் சொல்லும் ஞாபகம் எந்தக் குறிப்புக் கொப்பியிலும் கிடைக்காது.

நாடகப் பிரதியை வாசிக்கிற விதம்

கதைச் சுருக்கம், பாத்திரப் பண்பு, உத்திகள் என்று மூன்று தலைப்பில் ஒரு நாடகத்தை முடித்துவிடுகிற பழக்கம் இந்தப் பாடத்துக்கு வந்த பெரிய கேடு. நாவலுக்கு அது ஓரளவு சரிவரலாம். நாடகப் பிரதி ஆடுவதற்காக எழுதப்பட்டது. அதில் பேச்சு மட்டும் இருக்கும். யார் எங்கே நிற்கிறார், யார் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை வாசிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சோபோக்கிளிஸின் "ஈடிபஸ் மன்னன்" நாடகத்தில் கொரிந்திலிருந்து ஒரு தூதன் வருகிற காட்சியை எடுத்துப் பார்க்கலாம். ஈடிபஸின் தந்தை என்று கருதப்பட்ட பொலிபஸ் இறந்துவிட்டான் என்று அவன் செய்தி கொண்டு வருகிறான். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற குறிசொல்லுக்கு ஈடிபஸ் பயந்திருந்தான். அந்தப் பயத்தைப் போக்குவதாக நினைத்து, "நீ அவர்களுடைய பிள்ளையே இல்லை, உன்னை மலையில் ஓர் இடையனிடமிருந்து நான்தான் வாங்கினேன்" என்று அந்தத் தூதன் உண்மையை அவிழ்த்துவிடுகிறான். இவ்வளவும் நடக்கும்போது அரசி ஜொகாஸ்டா மேடையில் நிற்கிறாள். நீண்ட நேரம் அவளுக்கு ஒரு வசனமும் இல்லை. ஆனால் ஈடிபஸ் தன் மகன்தான் என்பது அவனுக்கு முன்பே அவளுக்கு விளங்கிவிடுகிறது.

எந்தச் சொல்லில் அவளுக்கு விளங்குகிறது? குழந்தையின் கால்கள் துளைக்கப்பட்டிருந்தன என்ற இடத்திலா, இடையன் அவளுடைய முதற் கணவன் லாயஸ் அரசனின் ஆள் என்ற இடத்திலா? அந்தக் கணத்தில் அவள் தூதனுக்குப் பக்கத்தில் நிற்கிறாளா, அரண்மனை வாசலுக்குப் பக்கத்திலா? முகமூடி போட்ட நடிகன் முகத்தால் எதையும் காட்ட முடியாது. தோளாலும் தலையின் சரிவாலும்தான் காட்ட வேண்டும். மூன்று பிள்ளைகள் எழுந்து நின்று இந்தக் காட்சியைக் கையில் பிரதியோடு நடத்திப் பார்த்தால் அரை மணித்தியாலத்தில் கிரேக்க அரங்கின் பாதி புரிந்துவிடும். மூன்றாவது நடிகரைச் சேர்த்தவர் சோபோக்கிளிஸ் என்று அரிஸ்டோட்டில் குறித்த செய்தி எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்றாவது நடிகர் இல்லாவிட்டால் இந்தக் காட்சியே இல்லை என்பது எழுந்து நின்ற பிறகுதான் தெரியும். இன்னொன்றும் தெரியவரும். பின்னால் இடையன் வருவதற்கு முன்பு ஜொகாஸ்டா உள்ளே ஓடிவிடுகிறாள். மேடையில் ஒரே நேரத்தில் பேசக்கூடிய நடிகர் மூவர்தான். அவளாக நடித்தவரே முகமூடியை மாற்றிக்கொண்டு இடையனாகத் திரும்பி வரலாம்.

ஒவ்வொரு நாடகத்துக்கும் இப்படி ஒரே ஒரு காட்சியை எடுத்து, மேடைப் படம் வரைந்து, அசைவுகளை அம்புக்குறியால் குறித்து வைத்தால் போதும். செக்கோவின் நாடகத்தில் பாத்திரங்கள் சொல்லாமல் விடுகிறவை எவை என்று பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். க. பாலேந்திராவின் நெறியாள்கையில் "கண்ணாடி வார்ப்புகள்", "யுகதர்மம்" போன்ற மொழிபெயர்ப்பு நாடகங்கள் எழுபதுகளின் கடைசியில் இங்கே ஆடப்பட்டன. டெனசி வில்லியம்சையும் பிரெக்டையும் நம்முடைய நடிகர்கள் தமிழில் எப்படிப் பேசினார்கள் என்ற கேள்வியோடு அந்தப் பிரதிகளை வாசிக்கிறவருக்கு மேலைத்தேய அரங்கு என்ற பகுதி அந்நியமாக இருக்காது.

ஊரில் இருக்கிற அரங்கு

மரபுவழி நாடகப் பகுதியைப் புத்தகத்திலிருந்து மட்டும் படிக்கிற பிள்ளைக்கு வடமோடி, தென்மோடி வேறுபாடு ஒரு அட்டவணையாகத்தான் நிற்கும். எந்த மாவட்டத்துப் பிள்ளைக்கும் நடந்து போகிற தூரத்திலோ பஸ்ஸில் போகிற தூரத்திலோ ஒரு மரபு இருக்கிறது என்பதை ஆசிரியர்கள் முதல் தவணையிலேயே நினைவூட்ட வேண்டும். மட்டக்களப்பில் வடமோடியும் தென்மோடியும், முல்லைத்தீவில் கோவலன் கூத்து, யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கூத்து, மன்னாரிலும் கரையோரக் கத்தோலிக்க ஊர்களிலும் வாசாப்பும் கத்தோலிக்கக் கூத்துகளும், மலையகத்தில் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். காமன் கூத்து மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும்; லயத்துப் பிள்ளைகள் அதற்குள்ளேயே வளர்கிறார்கள். தன் தோட்டத்துக் கலையைப் பற்றி எழுதத் தயங்கி, பார்த்திராத வடமோடியைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிற மலையகப் பிள்ளையைப் பார்க்கும்போது மனம் கனக்கும்.

கூத்து ஆடுகிற இரவை மட்டும் பார்த்தால் போதாது. முடிந்தால் பழக்கக் காலத்திலேயே போக வேண்டும். மட்டக்களப்பில் ஒரு கூத்து களரிக்கு வருவதற்கு முன்பு மாதக்கணக்கான வேலை நடக்கும். கூத்தைத் தெரிந்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். பிறகு அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல்லிக் காலைப் பழக்குவார். ஆட்டம் பிடிபட்ட பிறகு சதங்கை அணிதல். அதன் பிறகு அடுக்குப் பார்த்தல். கடைசியில் அரங்கேற்றம். நவீன நாடகத் தயாரிப்பின் படிமுறைகளை, அதாவது நடிகர் தெரிவு, வாசிப்பு, அசைவமைப்பு, உடையோடு ஒத்திகை என்பவற்றை, இவற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதினால் அது சொந்த விடையாகும்.

பார்க்கப் போகிறவர் கையில் ஒரு சிறு கொப்பி இருக்கட்டும். அரசன் வரவும் பெண் பாத்திரத்தின் வரவும் எப்படி வேறுபடுகின்றன? கூத்தர் களைத்துப்போனால் பிற்பாட்டு எப்படித் தாங்கிப் பிடிக்கிறது? சனம் எந்த இடத்தில் தேநீருக்கு எழும்புகிறது, எந்த இடத்தில் ஓடி வந்து இருக்கிறது? இவற்றை அந்த இரவிலேயே எழுதிவிட வேண்டும். அண்ணாவியாரிடம் பேசுகிறபோது மரியாதை முக்கியம். வெற்றிலை பாக்கோடு போய், "ஐயா, உங்களிட்டக் கேட்டுப் படிக்க வந்தனாங்கள்" என்று தொடங்கினால் அவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். கேட்காமல் தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்யக் கூடாது.

மரபு அப்படியே உறைந்து நிற்கவில்லை என்பதையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஆண்களே பெண் வேடமும் இட்டு ஆடிய கூத்தில் இன்று பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊரவர்களும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம், கதைகளில் உள்ள சாதி, பால் பார்வைகளை ஊர்க் கலைஞர்களே பேசித் திருத்துகிற முயற்சி. வித்தியானந்தன் வழி ஒன்று, இது வேறொன்று. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தித் தன் கருத்தை எழுதுகிற துணிவு உயர்தரப் பிள்ளைக்கு வர வேண்டும்.

இதோடு ஒட்டிய ஓர் எச்சரிக்கை. "கூத்தும் பிரெக்டின் காவிய அரங்கும் ஒன்று" என்று பல விடைத்தாள்களில் எழுதப்படுகிறது. கட்டியகாரன், பாட்டு, எடுத்துரைப்பு என்று வெளித்தோற்றத்தில் ஒற்றுமை உண்டுதான். பிரெக்ட் 1935இல் மொஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்பாங்கின் ஆட்டத்தைப் பார்த்து, கீழைத்தேய நடிப்பைப் பற்றி எழுதியதும் உண்மை. ஆனால் பார்வையாளருக்குப் பழகிப்போன உலகத்தை அவர்களுக்கே புதினமாகக் காட்டி, "இது ஏன் இப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்க வைப்பதற்காகத்தான் பிரெக்ட் பாட்டையும் எடுத்துரைப்பையும் கையாண்டார். கூத்துப் பார்க்கிற ஊரவர் கர்ணனுக்காகக் கண்ணீர் விடுவார்கள். நேர்த்தியும் பக்தியும் கூட அதில் கலந்திருக்கும். உத்தி ஒன்றாக இருந்தாலும் நோக்கம் வேறு என்று பிரித்துக் காட்டத் தெரிந்தால் போதும்.

உடம்பும் குரலும்

நாட்டிய சாஸ்திரம் சொல்கிற ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், சாத்விகம் என்ற நான்கு அபிநயத்தையும் வரைவிலக்கணமாகப் படிக்காமல் பயிற்சியாகச் செய்யலாம். "அம்மா இன்னும் வரேல்லை" என்ற ஒரு வசனத்தை எடுங்கள். முதலில் பேசாமல் உடம்பால் மட்டும் காட்ட வேண்டும். பிறகு கையைக் காலை அசைக்காமல் குரலால் மட்டும். பிறகு ஒரு சால்வையோ குடையோ சேர்த்து. கடைசியில் எதையும் செய்து காட்டாமல், உண்மையிலேயே காத்திருக்கிற ஒருவராக இருக்க வேண்டும். நான்காவதுதான் கடினம். ஸ்டனிஸ்லவ்ஸ்கி வாழ்நாள் முழுக்கத் தேடியதும் இந்த இடத்தைத்தான் என்று வகுப்பில் அப்போது சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள்.

குரல் விடயத்தில் கத்துவதைத்தான் பலர் பயிற்சி என்று நினைக்கிறார்கள். நம்முடைய பாடசாலை மண்டபங்கள் பலவற்றுக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் கத்தினாலும் கேட்காது, தொண்டைதான் புண்ணாகும். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் உச்சரிக்கப் பழகினால் பின்வரிசைக்குப் போகும். ஒருவர் மண்டபத்தின் கடைசியில் நிற்க, மற்றவர் மேடையிலிருந்து சாதாரணமாகப் பேசி அவருக்கு விளங்க வைக்க வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் இதைச் செய்தால் ஒரு தவணைக்குள் வித்தியாசம் தெரியும்.

செய்முறைப் பரீட்சைக்கு ஆயத்தம் என்பது கடைசி மாதத்து வேலையாகிவிடக் கூடாது. பரீட்சகருக்கு முன்னால் திடீரென்று ஒரு சூழலைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் பதறாமல் செய்வதற்குப் புத்தளிப்புப் பழக்கம் வேண்டும். மருந்துக்கடை வரிசை, பஸ் தரிப்பிடம், செத்த வீட்டு முற்றம் என்று ஊரில் காண்கிற இடங்களைப் பார்த்துவந்து வகுப்பில் செய்து காட்டுவது நல்ல பயிற்சி. செத்த வீட்டில் எல்லோரும் அழுவதில்லை. ஒருவர் பந்தலுக்குக் கயிறு தேடுவார், இன்னொருவர் யாருக்கோ தொலைபேசி எடுப்பார். அந்தச் சின்ன வேலைகளைக் கவனித்த பிள்ளையின் நடிப்பில் உண்மை இருக்கும். தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துப் பழகிய நெஞ்சிலடித்தலைப் பரீட்சகர் நூறு தடவை பார்த்திருப்பார்.

குழுவாக ஒரு நாடகம் செய்யும்போது நாடகத்தை விடப் பெரிய தலையிடி நேரம்தான். ரியூசன், பஸ், பெண்பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீடு சேர வேண்டிய கட்டாயம். பாடசாலை விட்ட கையோடு தொடங்கி நாலு மணிக்கு முடிக்கிற ஒத்திகைதான் எல்லோருக்கும் ஒத்துவரும். ஒத்திகை அட்டவணையை எழுதி அதிபரின் கையொப்பத்தோடு வீடுகளுக்கு அனுப்பினால் பெற்றோரின் சந்தேகம் பாதி தீரும். ஒரு தடவை பெற்றோரையே ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிட்டால் மீதியும் தீரும். தமிழ்மொழித்தினப் போட்டி கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாகப் போகிறது. நாடகத்தோடு நாட்டுக்கூத்தும் இசை நாடகமும் அதில் உண்டு. பரீட்சைக்காகச் செய்கிற வேலையையே போட்டிக்கும் கொண்டுபோகலாம். நடுவர்களிடம் போட்டி முடிந்த பிறகு போய்க் குறைகளைக் கேட்டு எழுதிக்கொள்வது வெற்றிக் கேடயத்தை விடப் பயன்.

எழுத்துப் பரீட்சை

பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுகிறது. பரீட்சைத் திணைக்களம் கடந்தகால வினாத்தாள்களை வெளியிடுகிறது. புள்ளியிடுகிறவர்கள் எதை எதிர்பார்த்தார்கள், மாணவர் எங்கே சறுக்கினார்கள் என்று சொல்கிற மதிப்பீட்டு அறிக்கைகளும் உண்டு. இவற்றை வாங்காமல் குறிப்புப் புத்தகங்களுக்குக் காசு கொடுப்பது தலைகீழ் வேலை. தான் தோற்றுகிற வருடத்துக்கு எந்தப் பாடத்திட்டம் என்பதை 12ஆம் வகுப்பின் முதல் வாரத்திலேயே உறுதிப்படுத்த வேண்டும்.

விடையில் படம் வரையத் தயங்க வேண்டாம். கிரேக்க அரங்கின் ஒர்கெஸ்ட்ராவும் ஸ்கீனேயும், வட்டக்களரி, படச்சட்ட மேடையின் ஒன்பது பகுதிகள் ஆகியவற்றைக் கையால் ஒரு நிமிடத்தில் வரையப் பழகியிருக்க வேண்டும். பார்த்த ஒரு நாடகத்தின் பெயர், எங்கே பார்த்தது, அதில் ஒரு காட்சி என்று சொந்த அனுபவம் விடைக்குள் வந்தால் அந்த விடை தனித்துத் தெரியும். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் இரண்டாவது வரியிலேயே பிடிபட்டுவிடும்.

நூல்களுக்கு மௌனகுருவின் "மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்", "ஈழத்துத் தமிழ் நாடக அரங்கு" இரண்டும் அடித்தளம். பழந்தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றிக் கார்த்திகேசு சிவத்தம்பி செய்த ஆய்வு கடினமானது. ஆசிரியரோடு சேர்ந்து சில அத்தியாயங்களை வாசிக்கலாம். சுவாமி விபுலானந்தரின் "மதங்க சூளாமணி" 1926இல் வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்துப் பார்த்த நூல் அது. புத்தகக் கடையில் கிடைக்காத ஈழத்து நூல்கள், பழைய நாடகப் பிரதிகள், விழா மலர்கள் பலவற்றை நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். இணைய வசதி குறைந்த பாடசாலைகள் தேவையானதை வலயக் கணினி நிலையத்தில் ஒரே தடவையில் இறக்கி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு

பல்கலைக்கழகத்தில் தொடர விரும்புகிறவருக்குத் தமிழ் மொழிமூலம் இரண்டு முக்கிய இடங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை ஒன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்புக் கல்லடியில் இயங்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் மற்றது. படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களாகிறார்கள். வானொலி, தொலைக்காட்சி, குறும்படம் என்று போனவர்களும் உண்டு. போர்க்காலத்திலும் அதன் பின்னும் சிறுவர்களின் மனக்காயங்களோடு அரங்கின் வழியே வேலை செய்தவர்களும் உண்டு. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், கதையும் விளையாட்டும் கலையும் கொண்டு பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். "என்ன செய்யப் போறாய்?" என்று கேட்கிற வீட்டாருக்கு இவற்றைச் சொல்லலாம். தமிழ், வரலாறு போன்ற பாடங்களோடு நாடகத்தைச் சேர்த்து எடுத்தவருக்குப் பொதுக் கலைப் பட்டப்படிப்பின் வாசலும் திறந்தே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அழகியற் கற்கைகளுக்கு விண்ணப்பிக்கும்போது உயர்தரப் பெறுபேற்றோடு தனியாக ஒரு செய்முறைத் தேர்வுக்கும் முகங்கொடுக்க வேண்டியிருக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் அதன் விபரமும், எந்தப் பாடங்களில் சித்தி வேண்டும் என்பதும் இருக்கும். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில் பலர் மேடையை அடியோடு மறந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஊர்ச் சனசமூக நிலையத்திலோ கோயில் திருவிழாவிலோ ஒரு தயாரிப்பில் சேர்ந்துகொண்டால் உடம்பும் குரலும் பழக்கம் விடாது. இரண்டு வருடத்தில் சேர்ந்த நிகழ்ச்சி நிரல்கள், தமிழ்மொழித்தினச் சான்றிதழ்கள், மேடைப் படங்கள், கூத்துப் பார்த்து எழுதிய கொப்பிகள் ஆகியவற்றைத் திகதி வாரியாக ஒரே கோப்பில் போட்டு, சான்றிதழ்களின் பிரதிகளை அதிபரிடம் உறுதிப்படுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். நேர்முகத்துக்கோ செய்முறைத் தேர்வுக்கோ அழைப்பு வந்தபின் அவற்றைத் தேடித் திரிய நேரம் இருக்காது.